கடையைச் சாத்தாமல் இருப்பு எடுப்பது

2017 ஜனவரி 31, இரவு. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச்செய்தி வந்தால்கூட என்ன கோளாறு என்று தேடலாம். வேலை நடக்கிறது என்று ஒரு சதவீதக் கணக்கு ஓடினால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். இரண்டும் இல்லை. சும்மா நிற்கிறது.

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து, சேர்ந்து வேலை செய்யும் இடம். அதன் தரவுத்தளம், நாம் பேச்சில் சொல்கிற டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடியது. முதன்மை சர்வர் ஒன்று. அதில் நடப்பதையெல்லாம் பின்தொடர்ந்து எழுதிக்கொள்ளும் துணை சர்வர் ஒன்று. அன்று ஸ்பேம் கும்பலின் தொல்லையால் சுமை ஏறி, துணை சர்வர் பின்தங்கிவிட்டது. இனி எட்டிப்பிடிக்க முடியாது என்றானதும், அதைத் துடைத்துவிட்டு முதன்மையிலிருந்து புதிதாகப் பிரதி எடுக்க முயன்றார்கள். முதன்மை சர்வர் நிற்கவில்லை. உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஓடுகிற டேட்டாபேஸை நிறுத்தாமல் பிரதி எடுப்பதற்கென்றே போஸ்ட்கிரெஸில் ஒரு கருவி உண்டு. பெயர் பிஜி பேஸ்பேக்கப். மௌனமாக நின்றது அதுதான்.

துணை சர்வரின் கோப்புறையில் பழைய ஃபைல்கள் மிச்சம் இருப்பதால் கருவி குழம்புகிறது போல என்று நினைத்தார் அந்தப் பொறியாளர். கோப்புறையை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஓரிரு நொடிகளில் உறைத்தது. அவர் இருந்தது துணை சர்வரில் இல்லை, முதன்மையில். பதறி நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிச்சம்.

மென்பொருள்காரர்கள் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ‘தப்பான சர்வர்ல தட்டிட்டாரு’ என்பதோடு முடிந்துவிடும். எனக்கு ஆர்வம் அந்த மௌனத்தின் மேல்தான். அந்தக் கருவி எதற்காகக் காத்திருந்தது? அது கெட்டுப்போகவில்லை, தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது. அது என்ன கடமை என்று சொல்ல, அரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

*

ராத்திரி என்று ஒன்று இருந்த காலம்

கணினிகள் காந்த நாடாவில் கணக்கு வைத்திருந்த காலத்தில் பேக்கப் என்பது தனி வேலையே இல்லை. பகலில் நடந்த வரவு செலவையெல்லாம் ஒரு டேப்பில் சேர்ப்பார்கள். இரவில், நேற்றைய முதன்மை டேப்பையும் இன்றைய வரவு செலவு டேப்பையும் சேர்த்துப் படித்து, புதிய முதன்மை டேப் ஒன்றைக் கணினி எழுதும். பழைய டேப் அப்படியே இருக்கும். அதுதான் பேக்கப். இன்றையது மகன், நேற்றையது அப்பா, முந்தாநாளையது தாத்தா. இந்த முறைக்கே ‘தாத்தா-அப்பா-மகன்’ என்றுதான் பெயர். மகனுக்கு ஏதாவது ஆனால் அப்பாவை எடுத்து, அன்றைய வரவு செலவை மறுபடி ஓட்டி, இன்னொரு மகனைப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தை உடைத்தது டிஸ்க். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக்கில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம், அதில் எந்த இடத்துக்கும் நேராகப் போகலாம். பெரிய வசதி. ஆனால் டேப்பில் புதிதாக எழுதினோம்; டிஸ்க்கில் பழையதன் மேலேயே எழுதுகிறோம். புது இருப்புத் தொகை வந்த நொடியில் பழைய தொகை போய்விட்டது. அப்பாவைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்தால்தான் உண்டு.

அதற்கும் ஒரு வழி இருந்தது. கடைவாசலில் பார்த்திருப்போம்: ‘ஸ்டாக் எடுப்பதால் இன்று கடை விடுமுறை’. அதேபோல இரவில் கணினியின் வாடிக்கையாளர்களை வெளியேற்றிவிட்டு, டிஸ்க்கை டேப்புக்கு நகலெடுத்து, காலையில் திறந்துவிட வேண்டியது. மூடும் நேரம் என்ற ஒன்று இருக்கும் வரை இதில் சிக்கலே இல்லை.

அந்த மூடும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காக ஐபிஎம் உருவாக்கிய சேபர் முன்பதிவு அமைப்பு 1964இல் முழுமையாக இயங்க ஆரம்பித்தது. விமானத்துக்கு ராத்திரி பகல் கிடையாது. நிலவுக்குப் போன அப்போலோ திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க, ஐபிஎம்மும் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களும் சேர்ந்து ஐஎம்எஸ் என்ற அமைப்பை உருவாக்கின. 1968 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டௌனியில் அது முதன்முதலாக உயிர் பெற்றது. பிறகு வங்கிகள் அதை எடுத்துக்கொண்டன. ஏடிஎம் வந்தது. ராத்திரி 2 மணிக்கு ஒருவர் காசு எடுக்க வருகிறார் என்றால், ராத்திரி 2 மணிக்கும் கடை திறந்திருக்க வேண்டும்.

சரி, அப்போ ஸ்டாக் எடுப்பது எப்படி?

*

பறவைகளைப் படமெடுப்பது

‘ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்தால் என்ன?’ என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

ஒரு வங்கியின் கணக்குகள் ஆயிரம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலிருந்து நகலெடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நீங்கள் 500ஆம் பக்கத்தில் இருக்கும்போது, 900ஆம் பக்கத்துக்காரர் 100ஆம் பக்கத்துக்காரருக்குப் பத்தாயிரம் ரூபாய் அனுப்புகிறார். 100ஆம் பக்கத்தை நீங்கள் ஏற்கெனவே நகலெடுத்தாயிற்று, அதில் காசு வரவில்லை. 900ஆம் பக்கத்துக்கு நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே காசு போய்விட்டது. உங்கள் பிரதியில் பத்தாயிரம் ரூபாய் மாயம். அவர் எதிர்த்திசையில் அனுப்பியிருந்தால் அதே பத்தாயிரம் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டிலுமே, எந்த நொடியிலும் இல்லாத ஒரு வங்கியைத்தான் நகலெடுத்திருக்கிறீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நேரில் பார்த்தேன். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிக் கணக்குகளை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் இரவு டேட்டாபேஸ் ஃபைல்களை அப்படியே ஜிப் போட்டு இன்னொரு டிஸ்க்கில் வைக்கும் ஏற்பாடு. ஜிப் போடும் நேரத்திலும் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆறு மாதம் தவறாமல் ஜிப் விழுந்தது. ஒருநாள் அசல் டிஸ்க் போனது. ஜிப்பைப் பிரித்தோம், நன்றாகவே பிரிந்தது. டேட்டாபேஸ்தான் திறக்கவில்லை. முந்தின நாளுடையதும் திறக்கவில்லை. கடைசியில் அந்த நிலையத்துப் பெண்கள் இருவர் காகித ரிப்போர்ட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி தட்டினார்கள். எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் என்னைத் திட்டவில்லை. ‘பேக்கப் இருக்குன்னு எப்பவும் சொல்லாத. ரெஸ்டோர் ஆச்சுன்னு மட்டும் சொல்லு’ என்றார்.

இந்தச் சிக்கலுக்கு நான் படித்ததிலேயே நல்ல உருவகம் 1985இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்கள் மணி சாண்டி, லெஸ்லி லாம்போர்ட். சாண்டி ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து, அப்போது டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர்கள் பேசியது பல கணினிகள் சேர்ந்த அமைப்பைப் பற்றி. ஆனால் சிக்கல் இதேதான். வானம் முழுக்க வலசைப் பறவைகள் பறக்கின்றன. ஒரே படத்தில் அடங்காத அளவு பெரிய கூட்டம். புகைப்படக்காரர்கள் பல படங்களாக எடுத்து ஒட்ட வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே நொடியில் எடுக்க முடியாது, பறவைகளை நிற்கச் சொல்லவும் முடியாது. ஆனாலும் ஒட்டிய படத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டும்.

அந்தத் தீர்வு பிறந்த விதத்தை லாம்போர்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். இரவு உணவின்போது சாண்டி சிக்கலைச் சொல்கிறார். இருவரும் யோசிக்கும் நிலையில் இல்லாத அளவுக்கு வைன் ஓடியிருந்தது. மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை தோன்றுகிறது. சாண்டியின் அறைக்குப் போனால், அதே விடையோடு அவர் காத்திருக்கிறார்.

டேட்டாபேஸ் உலகம் இதே சிக்கலுக்கு விடை தேடத் தொடங்கியது அதற்கும் முந்தைய பத்தாண்டில்.

*

சிட்டையும் பேரேடும்

1970களில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம்மின் ஆய்வகம் சிஸ்டம் ஆர் என்ற பரிசோதனை டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டிருந்தது. இன்று உலகமே பேசும் எஸ்க்யூஎல் மொழி பிறந்த இடம் அது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஜிம் கிரே. பாதியில் மின்சாரம் போனால் கணக்கை எப்படிச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி.

சிஸ்டம் ஆர் முதலில் பிடித்த வழி ரேமண்ட் லோரி உருவாக்கிய ‘நிழல் பக்கம்’. ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதன் மேலேயே எழுதாதே, வேறு இடத்தில் புதுப் பக்கமாக எழுது. எல்லாம் முடிந்ததும் பொருளடக்கத்தை மட்டும் புதுப் பக்கத்துக்குத் திருப்பு. நடுவில் ஏதாவது ஆனால் பழைய பக்கம் நிழலாக அங்கேயே இருக்கும். அழகான யோசனை. ஆனால் பெரிய டேட்டாபேஸில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய பக்கங்கள் டிஸ்க் முழுக்கச் சிதறிப்போயின. பொருளடக்கமே பெரும் சுமையானது. 1981இல் கிரேவும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில், பெரிய டேட்டாபேஸ்களுக்கு இது சரியான தேர்வில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் கட்டியதைத் தாங்களே விமர்சிக்கும் அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையைப் படிக்கலாம்.

அவர்கள் கைகாட்டிய வழி லாக். மளிகைக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. கடையில் நடப்பதெல்லாம் நடந்த வரிசையில் முதலில் சிட்டையில் ஏறும்: இன்னாருக்கு இவ்வளவு, இன்னாரிடமிருந்து இவ்வளவு. அப்புறம் ஓய்வாக உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் பேரேட்டில் பதிவார்கள். பேரேடு நனைந்து போனாலும் பழைய பேரேடும் அதற்குப் பிறகான சிட்டைகளும் இருந்தால் கணக்கை மீட்டுவிடலாம். டேட்டாபேஸில் இதையே ஒரு கறாரான விதியாக்கினார்கள்: எந்த மாற்றமும் பேரேட்டின் பக்கத்தைத் தொடுவதற்கு முன், சிட்டையில் ஏறி டிஸ்க்கில் பத்திரமாக இருக்க வேண்டும். ‘முன்னெழுது பதிவு’ என்று சொல்லலாம். 1978இல் கிரே எழுதிய நீண்ட குறிப்புகள் இந்த விதியைப் பரவலாக்கின.

இங்கேதான் ஸ்டாக் எடுக்கும் சிக்கலும் அவிழ்கிறது. கடையை மூடவே வேண்டாம். பேரேட்டை ஓடும்போதே நகலெடு. தப்பும் தவறுமாகத்தான் வரும், பரவாயில்லை. அதை ‘ஃபஸ்ஸி டம்ப்’ என்றார்கள், மங்கலான பிரதி. நகலெடுக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து முடித்த நேரம் வரைக்குமான சிட்டையையும் கூடவே எடுத்து வை. பின்னால் தேவைப்படும்போது மங்கலான பிரதியின் மேல் சிட்டையை வரிசையாக ஓட்டினால், 100ஆம் பக்கத்தில் வராத பத்தாயிரம் வந்து சேரும். பிரதி கூர்மையாகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். அதுவரை எல்லோரும் சரியான பிரதியை எடுக்கப் போராடினார்கள். இவர்கள் தவறான பிரதியை ஏற்றுக்கொண்டார்கள். பிரதி எடுக்கும் நேரத்தில் என்னவெல்லாம் மாறியது என்ற நேர்மையான குறிப்பு கையில் இருந்தால், பிரதி தவறாக இருப்பது ஒரு பொருட்டே இல்லை.

*

வரலாற்றை மறுபடி நடத்துவது

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது, செய்வதில் ஆயிரம் முட்கள். 500ஆம் பக்கத்துக்கு நூறு ரூபாய் கூட்டு என்று சிட்டையில் இருக்கிறது. பிரதியில் உள்ள 500ஆம் பக்கம் அந்தக் கூட்டலுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? தெரியாமல் மறுபடி கூட்டினால் இருநூறாகிவிடும்.

இதையெல்லாம் ஒரே கட்டுக்கோப்பில் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சி.மோகன். 1977இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றவர். 1981இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து ஐபிஎம்மின் அதே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை இன்றும் டேட்டாபேஸ் பாடத்தின் கட்டாயப் பகுதி.

ஏரீஸில் சிட்டையின் ஒவ்வொரு வரிக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், கடைசியாக அந்தப் பக்கத்தைத் தொட்ட வரியின் எண் முத்திரையாக இருக்கும். மீட்கும்போது பக்கத்தின் முத்திரையைப் பார். சிட்டை வரியின் எண் அதைவிடப் பெரிதா? செய். இல்லையா? ஏற்கெனவே நடந்தாயிற்று, தாண்டிப் போ. ஆக, மங்கலான பிரதியின் ஒவ்வொரு பக்கமும் தான் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைத் தன் மேலேயே எழுதிவைத்திருக்கிறது.

அந்த முறையின் மையக் கொள்கைக்கு அவர்கள் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்: ‘வரலாற்றை மறுபடி நடத்துவது’. பாதியில் விழுந்த கணினி எழும்போது, பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனைகள் உட்பட நடந்தது எல்லாவற்றையும் முதலில் நடந்தபடியே மறுபடி நடத்து. விழுந்த நொடிக்கு வந்து சேர்ந்த பிறகு, முடியாமல் நின்றவற்றை மட்டும் திரும்பப் பெறு. பிடிக்காத பகுதியைத் தாண்டிவிட்டு மீட்கலாம் என்று நினைத்தால் சிக்கிக்கொள்வாய். வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றும்.

1993இல் மோகனும் இந்தர்பால் நாரங்கும் எழுதிய இன்னொரு கட்டுரை நேராக நம் கேள்விக்கே வந்தது: டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாடிக்கையாளரைத் தடுக்காமல், மங்கலான பிரதியை எப்படித் திறமையாக எடுப்பது.

அதற்குள் சந்தையிலும் இது வந்துவிட்டது. ஆரக்கிள் தன் 6ஆம் பதிப்பில், 1988இல், ‘ஹாட் பேக்கப்’ வசதியைக் கொடுத்தது. அங்கே இன்னொரு முள் இருந்தது. பிரதி எடுக்கும் கருவி ஒரு பக்கத்தைப் படிக்கிறது. அதே நொடியில் டேட்டாபேஸ் அந்தப் பக்கத்தை எழுதுகிறது. பிரதியில் மேல் பாதி புதிது, கீழ் பாதி பழையது. முத்திரை மேல் பாதியில் இருந்தால், ‘நான் புதிது’ என்று பொய் சொல்லும். இப்படிப் பிளந்த பக்கத்துக்கு முத்திரை முறை உதவாது. ஆரக்கிள் செய்தது முரட்டுத்தனமான தீர்வு: பேக்கப் ஆரம்பித்த பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, என்ன மாறியது என்பதை மட்டும் எழுதாமல் முழுப் பக்கத்தையுமே சிட்டையில் எழுதிவிடு. பிரதியில் பக்கம் பிளந்திருந்தாலும் சிட்டையில் முழுப் பக்கம் இருக்கிறது. சிட்டை ஊதிப்போகும், கணக்கு பிழைக்கும்.

இந்த முழுப் பக்க விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்லேப் இரவின் மௌனம் இதில்தான் இருக்கிறது.

*

சிட்டையே வேண்டாம் என்றவர்கள்

இன்னொரு கிளையும் உண்டு. 1978இல் எம்ஐடியில் டேவிட் ரீட் தன் முனைவர் பட்ட ஆய்வில் வேறொன்று சொன்னார்: எதையும் அழித்து எழுதாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பிரதி வை, பழையதையும் வைத்திரு. அப்போது படிப்பவர் ‘எனக்கு 10 மணி நிலவரம் போதும்’ என்று சொல்லிவிட்டு நிதானமாகப் படிக்கலாம். எழுதுகிறவர் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். 1980களில் ஜிம் ஸ்டார்க்கியின் இன்டர்பேஸ் போன்றவை இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1980களின் நடுவில் போஸ்ட்கிரெஸைத் தொடங்கியபோது இன்னும் ஒரு படி போனார். எதையுமே அழிக்கப்போவதில்லை என்றால் சிட்டை எதற்கு? பேரேடே வரலாறு. அந்த ஆரம்பகால போஸ்ட்கிரெஸில், கடந்தகாலத்தில் ஒரு தேதியைச் சொல்லி அன்றைய நிலவரத்தைக் கேட்கலாம். ‘காலப் பயணம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

நடைமுறை விடவில்லை. பழைய பிரதிகள் குவிந்து இடத்தை அடைத்தன, வேகம் குறைந்தது. 1990களில் திட்டத்தை ஏற்று நடத்திய தன்னார்வலர்கள் காலப் பயணத்தை எடுத்துவிட்டார்கள். 2001இல் வந்த 7.1 பதிப்பில், சிட்டை வேண்டாம் என்று பிறந்த டேட்டாபேஸுக்குள் சிட்டை வந்து சேர்ந்தது. 2005 ஜனவரியில் 8.0 பதிப்பில், சைமன் ரிக்ஸின் உழைப்பில், அந்தச் சிட்டைகளைச் சேர்த்துவைத்து விரும்பிய நொடிக்குத் திரும்பும் வசதியும் ஓடும்போதே பிரதி எடுக்கும் வசதியும் வந்தன. ‘நேற்று மதியம் 3:42க்கு ஒருத்தர் டேபிளை அழிச்சிட்டாரா? 3:41 வரைக்கும் வரலாற்றை நடத்து, அங்க நிறுத்து.’ காலப் பயணம் வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

ரீட்டின் யோசனையும் வீணாகவில்லை. போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப் என்ற கருவி அதை நம்பித்தான் இருக்கிறது. ஆரம்பிக்கும் நொடியின் நிலவரத்தைப் பிடித்துக்கொண்டு, ஊர் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்க, எல்லா டேபிளையும் அந்த ஒரு நொடியின் பார்வையிலேயே படித்து எழுதிவிடும். சின்ன டேட்டாபேஸுக்கு இதைவிட வசதி இல்லை. பெரியதென்றால் மணிக்கணக்காகும். அதுவரை பழைய பிரதிகளைத் துடைக்க முடியாது. மீட்கும்போது இன்டெக்ஸையெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டும். அதோடு, கையில் இருப்பது அந்த ஒரு நொடி மட்டும். அதற்குப் பிறகான வரலாறு இல்லை.

*

அந்த மௌனம்

இப்போது 2017க்குத் திரும்பலாம்.

பிஜி பேஸ்பேக்கப் எடுப்பது மங்கலான பிரதிதான். ஆனால் ஆரம்பிக்கும் முன் அதற்கு ஓர் உறுதியான தொடக்கப் புள்ளி வேண்டும். நினைவகத்தில் மட்டும் மாறி, இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடிக்க வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பிறகு எந்தப் பக்கம் முதன்முறை மாறினாலும் முழுப் பக்கமும் சிட்டையில் ஏறும். பிளந்த பக்கத்துக்கான அதே மருந்து. இந்தப் புள்ளிக்கு ‘செக்பாயின்ட்’ என்று பெயர். அதை அவசரமாகச் செய்தால் டிஸ்க் திணறும், வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் மெதுவாகும். ஆகவே கருவி இயல்பாகவே அதை நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். 10 நிமிடம்கூட ஆகலாம் என்று கிட்லேப்பின் பின்னாளைய அறிக்கை சொல்கிறது. அந்த நேரத்தில் திரையில் ஒரு வரிகூட எழுதாது.

கடையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற அரை நூற்றாண்டு மரியாதைதான் அந்த மௌனம். ‘கொஞ்சம் பொறுங்க, தயாராகிட்டு இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை அது சொல்லியிருந்தால் அந்த விரல் அந்தக் கட்டளைக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

அழிந்த பிறகு பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் பிஜி டம்ப் எடுத்துத் தொலைவிலிருந்த சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் கருவி 9.2 பதிப்பு. ஒவ்வொரு நாளும் பிழை சொல்லிவிட்டு நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன. அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் பக்கம் அவற்றை நிராகரித்துவிட்டது. டிஸ்க்கை அப்படியே படமெடுக்கும் கிளவுட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவில்லை, மற்ற வழிகள்தான் இருக்கின்றனவே என்று. துணை சர்வரைத் துடைத்தாயிற்று. இன்னொன்று, என் கண்ணுக்கு மிகவும் வலிப்பது: சிட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடும் இல்லை. அவற்றைச் சேர்த்திருந்தால், பின்தங்கிய துணை சர்வர் அவற்றைப் படித்தே எட்டிப்பிடித்திருக்கும். அந்த இரவுக்கே அவசியம் இருந்திருக்காது.

ஐந்து வழிகள் வைத்திருந்தோம், ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள்.

காப்பாற்றியது ஒரு தற்செயல். சுமார் 6 மணி நேரத்துக்கு முன், வேறொரு பரிசோதனைக்காக, டிஸ்க்கின் படம் ஒன்று கையால் எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் பின்னால் அழிக்கும் கட்டளை கொடுத்த அதே பொறியாளர். பரிசோதனை சர்வரின் மெதுவான டிஸ்க்கிலிருந்து அதை இழுத்து வந்து சேர்க்க நெடுநேரம் ஆனது. தளம் மறுநாள் மாலைதான் திரும்பியது. நடுவிலிருந்த 6 மணி நேரம் போனது போனதுதான்: சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

அவர்கள் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். மீட்புக் குறிப்புகளை எவரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். அறிக்கையில் அந்தப் பொறியாளருக்குப் பெயர் இல்லை, ‘குழு உறுப்பினர் 1’ மட்டும்தான். வரலாற்றை நடந்தபடியே மறுபடி நடத்திக் காட்டினார்கள், பிடிக்காத வரிகளையும் தாண்டாமல். நமக்கு இன்று இவ்வளவு விவரம் தெரிவதே அதனால்தான்.

*

திரும்பாதவை

அந்த இரவுக்குப் பத்து வருடம் மூன்று நாள் முன்பு, 2007 ஜனவரி 28 அன்று, ஜிம் கிரே தன் பாய்மரப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகக் கிளம்பினார். ஃபாரலான் தீவுகளுக்கு அருகே தன் அம்மாவின் அஸ்தியைக் கரைக்கப் போனார். டூரிங் விருது பெற்றவர், மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர், 63 வயது. திரும்பவில்லை. கடலோரக் காவல் படை நாள்கணக்கில் தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கித் துண்டு துண்டாக்கி இணையத்தில் போட, ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்கள் ஒவ்வொரு துண்டிலும் படகைத் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 2012இல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

எதுவும் தொலையாமல் இருப்பது எப்படி என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் தடமில்லாமல் போனதில் பாடம் எதையும் தேட எனக்கு விருப்பமில்லை. அவருடைய தொழில் அவருக்குச் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது: குறிப்பு இருக்கும் இடம் வரைதான் மீட்க முடியும். கடைசியாக எழுதிய வரிக்கு அப்பால் எந்த முறையாலும் போக முடியாது.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் மாதத்தில் ஒரு நாள், யாரும் கேட்காவிட்டாலும், ஒரு பழைய பிரதியை எடுத்து வெறும் சர்வரில் ஏற்றி, சிட்டைகளை ஓட்டிப் பார்ப்பேன். வரிகள் ஒவ்வொன்றாக ஏறும். சில சமயம் நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றும் வராமல் நிற்கும். அப்போது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.